அகுஸ்தினாரின் அம்மா சரி, மற்ற பெண்கள்?

ஆகஸ்ட் 27 புனித மோனிக்கா திருநாள், மறுநாள் அவர் மகன், பழங்காலத் திருச்சபையின் பெரிய சிந்தனையாளரான அகுஸ்தினார் திருநாள். இந்த இரண்டு நாளும் கத்தோலிக்க நண்பர்களின் பக்கங்களில் ஒரே கதைதான் ஓடும். ஊதாரி மகன், அழுது அழுது ஜெபித்த அம்மா, கடைசியில் மகன் மனம் திரும்பினார். கதை பொய்யில்லை. இவ்வளவு கண்ணீருக்குச் சொந்தமான பிள்ளை கெட்டுப்போக முடியாது என்று ஓர் ஆயர் மோனிக்காவைத் தேற்றி அனுப்பியதை அகுஸ்தினாரே எழுதியிருக்கிறார். ஆனால் அந்தக் கதையிலிருந்து இன்னொரு பெண்ணை அடியோடு தூக்கிவிடுகிறோமே, அதுதான் எனக்கு உறுத்தல்.

முதலில் அந்த 'ஊதாரி' பட்டம். 354இல் தாகாஸ்தேயில், அதாவது இன்றைய அல்ஜீரியாவில் பிறந்தவர், கார்த்தேஜில் படித்த நாட்களில், இருபது வயதுகூட ஆகாதபோது, ஒரு பெண்ணோடு சேர்ந்து வாழத் தொடங்கினார். முறைப்படி கல்யாணம் இல்லை. அந்தக் கால ரோமச் சமூகத்துக்கு அது ஒன்றும் அதிர்ச்சியில்லை; மேலே ஏற நினைக்கும் இளைஞன் அந்தஸ்துள்ள சம்பந்தம் அமையும்வரை இப்படி இருப்பது வழக்கம்தான். அதெயோதாத்துஸ் என்று ஒரு மகன் பிறந்தான். ஏறக்குறைய 14 வருடம். அவள் ஒருத்திக்கே உண்மையாக இருந்தேன் என்று 'கன்ஃபெஷன்ஸ்' என்ற தன் வாழ்க்கை நூலில் சொல்கிறார். கல்யாணம் ஆன எத்தனை பேர் நெஞ்சில் கைவைத்து அப்படிச் சொல்வார்கள்?

384இல் இத்தாலியின் மிலானில் பேச்சுக்கலைப் பேராசிரியர் வேலை கிடைத்தது. பேரரசரின் அவை இருந்த நகரம் அது. அடுத்து ஒரு மாகாண ஆளுநர் பதவி கண்ணில் தெரிகிறது. அதற்குக் கொஞ்சம் காசுள்ள வீட்டுப் பெண் வேண்டும். பெண் தேடுவதில் முன்னால் நின்றவர் மோனிக்காதான். நிச்சயமான பெண்ணுக்குச் சட்டப்படியான கல்யாண வயது வர இன்னும் கிட்டத்தட்ட இரண்டு வருடம் இருந்தது. அந்தச் சட்ட வயது 12. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். (அந்தக் குழந்தையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மாப்பிள்ளை துறவு பூண்டார், சம்பந்தம் முறிந்தது, கதை மேலே போய்விட்டது.)

இந்தச் சம்பந்தத்துக்கு இடைஞ்சல் என்று, கூடவே இருந்தவளை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். மகனை மிலானிலேயே விட்டுவிட்டுப் போனாள். தன் பக்கத்திலிருந்து அவள் பிய்த்தெடுக்கப்பட்டாள், நெஞ்சு அறுபட்டு ரத்தம் சொட்டியது என்று அகுஸ்தினார் உருகுகிறார். பிய்த்தது யார் என்று மட்டும் சொல்லவில்லை.

அவள் பெயரைச் சொல்லாததைப் பலர் பெரிய குற்றமாகப் பேசுவார்கள். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. அந்த நூலில் பெற்ற தாயின் பெயரே ஒரே ஒரு முறைதான் வருகிறது. உயிருக்கு உயிரான நண்பன் இறந்ததைப் பக்கம் பக்கமாக எழுதியவர், அவன் பெயரையும் சொல்லவில்லை. பிற்பாடு வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரில் கன்னியர் மடத்துக்குத் தலைவியாக இருந்த உடன்பிறந்தவளுக்கும் அதே கதிதான். அது அவர் எழுதும் விதம், விட்டுவிடுவோம்.

விட முடியாதது வேறு. கிளம்பும்போது அவள், இனி வேறு ஆணை அறியமாட்டேன் என்று கடவுளிடம் நேர்ந்துகொண்டு போனாள். அப்போது 385 வாக்கில் இருக்கும். அகுஸ்தினார் என்ன செய்தார்? இரண்டு வருடம் காத்திருக்கப் பொறுமையில்லாமல் இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டார். ஒரு பெண் செய்ததைக்கூடப் பின்பற்ற முடியாத பாவி நான் என்று அவரே எழுதுகிறார். மறுவருடம் மனம் திரும்பிய நேரத்தில், மிலான் தோட்டத்தில் அவர் அழுது புரண்ட காட்சியைப் படித்துப் பாருங்கள். அதற்குள் கோட்பாட்டுச் சந்தேகங்கள் பெரும்பாலும் தீர்ந்துவிட்டன. அவரைக் கட்டிப்போட்டிருந்தது உடல் ஆசைதான். அந்தக் கட்டை அவருக்கு முன்னால் அறுத்துக் காட்டியவள் யார்? அம்மாவின் கண்ணீருக்குத் திருநாள் இருக்கிறது. இவளுடைய நேர்ச்சைக்கு ஒரு வரி பிரசங்கம்கூட நான் கேட்டதில்லை.

மோனிக்காவை மட்டம் தட்டுவதாக நினைக்க வேண்டாம். கெட்டிக்காரப் பெண்மணி. 386இல் மகனும் நண்பர்களும் நடத்திய தத்துவ உரையாடலில் அவர் சொன்னதைக் கேட்டு, தத்துவத்தின் கோட்டையையே பிடித்துவிட்டீர்கள் என்று மகன் வியக்கிறார். ஆனால் அந்த மோனிக்காவையே திருத்தியதும் ஒரு பெண்தான். சிறுமியாக இருந்தபோது ஜாடியிலிருந்து திராட்சை மது எடுத்துவரப் போகும் மோனிக்கா, முதலில் உதட்டை நனைத்து, அப்புறம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கடைசியில் சிறு கோப்பை நிறையக் குடிக்கிற அளவுக்குப் போய்விட்டார். கூடப் போகும் அடிமைப் பெண் ஒருநாள் சண்டையில் 'குடிகாரி' என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அன்றோடு நின்றது. இதை எழுதும் மகன் அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்வதில்லை. அவள் கோபத்தில் சொன்னாளாம், திருத்தியது கடவுளாம்.

மகன் அதெயோதாத்துஸ் விஷயமும் இப்படித்தான். 387இல் அப்பாவோடு ஞானஸ்நானம் பெற்ற பையன், அபாரமான அறிவு. அவனிடம் என் பங்கு பாவம் மட்டுமே, மற்றதெல்லாம் கடவுள் தந்தது என்கிறார் அப்பா. பெற்றவளின் பங்கு அந்தக் கணக்கில் எங்குமே இல்லை. அதே வருடம் ஓஸ்தியாவில் பாட்டி இறந்தபோது பையன் வாய்விட்டு அலற, பெரியவர்கள் அதட்டி அடக்கினார்கள். தன் அம்மாவை அனுப்பிய இரண்டு வருடத்துக்குள் இது. அவனும் இளம் வயதிலேயே போய்விட்டான்.

401 வாக்கில், ஹிப்போவின் ஆயராக, திருமணத்தின் நன்மை பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் ஓர் இடம். பதவிக்கும் பணத்துக்கும் ஏற்ற வேறொருத்தி கிடைக்கும்வரை ஒருவன் ஒரு பெண்ணோடு வாழ்ந்தால், அவன் மனத்தளவில் விபசாரி. அந்த விபசாரம் வரப்போகிறவளோடு அல்ல, கூட இருக்கிறவளோடு. அவளோ அவனுக்கு உண்மையாக இருந்து, அவன் வேறு மணம் முடித்த பின்னும் இன்னொருவனை நாடாமலிருந்தால், அவளை அப்படிச் சொல்ல நான் எளிதில் துணியமாட்டேன் என்கிறார். பிள்ளைப்பேற்றை மனதார விரும்பியிருந்தால், முறைப்படி மணந்த பல மனைவிகளைவிட அவளை மேலே வைக்கலாமாம். யாரோ ஒருவனைப் பற்றி எழுதுவதுபோல எழுதுகிறார். பெரும்பாலான விவரங்கள் அவர் வீட்டு விவரங்கள்.

இதை அவர் கேட்ட மன்னிப்பு என்று சிலர் சொல்லலாம். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அவர் எழுதிய கடிதங்கள் 200க்கு மேல் இன்றும் இருக்கின்றன. அவளுக்கு எழுதியது அவற்றில் ஒன்றுமில்லை. மன்னிப்பை அவளிடமல்லவா கேட்டிருக்க வேண்டும்?