அட்டைக்கு மட்டும் புது முகவரி, உள்ளே எல்லாம் பழைய அடையாளம்

ஒரு லினக்ஸ் மெய்நிகர் கணினியை (வேறொரு கணினிக்குள் மென்பொருளாக இயங்கும் கணினியை) நகலெடுக்கச் சில நிமிடங்கள் போதும். அந்த நகலை ஒழுங்காக வலையமைப்பில் சேர்ப்பதற்குள் நேற்று என் பிற்பகல் முழுவதும் பறிபோய்விட்டது. பல ஆண்டுகளாக இதே வேதனையை வெவ்வேறு வடிவங்களில் அனுபவித்துவருவதால்தான் இவ்வளவு ஆத்திரம் வருகிறது.

சென்ட்ஓஎஸ் 6 என்ற லினக்ஸ் பதிப்பின் காலத்தில், நகலுக்குப் புதிய மேக் முகவரி (வலையமைப்பு அட்டையின் அடையாள எண்) கிடைத்தாலும், சாதனங்களுக்குப் பெயரிடும் யுடெவ்வின் விதிக்கோப்பு, முதல் அட்டைக்குரிய ஈத்0 என்ற பெயரைப் பழைய முகவரிக்கே பிடித்துவைத்திருக்கும். புதிய அட்டை ஈத்1 ஆகிவிடும். திரையிலோ ஈத்0 இருப்பதாகத் தெரியவில்லை என்ற செய்தி மட்டும் வரும். அட்டை இருக்கிறது, பெயர்தான் மாறியிருக்கிறது என்று அங்கே ஒரு வரி சொல்லியிருந்தால் எத்தனை பேருடைய இரவுத் தூக்கம் மிஞ்சியிருக்கும்! விதிக்கோப்பை நீக்கி, இடைமுகக் கோப்பிலிருந்த பழைய மேக் முகவரியையும் அழித்து, கணினியை மறுதொடக்கம் செய்த பிறகுதான் இணைப்பு வரும்.

உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் வகையில் நேற்று எடுத்த நகல் அதைவிடக் கொடுமையானது. மேக் முகவரிகள் வேறு வேறாக இருந்தும், மூலத்துக்கும் நகலுக்கும், வலையமைப்பு முகவரிகளைத் தானாகப் பகிர்ந்தளிக்கும் டிஹெச்சிபி ஒரே ஐபி முகவரியைக் கொடுத்தது. டிஹெச்சிபி வழங்கியைச் சந்தேகித்தேன், வலையமைப்பு அமைப்புகளைக் கொண்ட நெட்பிளான் கோப்பை வரிவரியாகப் படித்தேன், பாவம், ஒரு குற்றமும் செய்யாத சுவிட்சைக்கூடச் சோதித்தேன். லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி தன் டிஹெச்சிபி அடையாளத்தை மேக் முகவரியிலிருந்து எடுக்காமல், கணினிக்கான அடையாளத்தை வைத்திருக்கும் மெஷின்-ஐடி கோப்பிலுள்ள 32 இலக்க எண்ணிலிருந்து உருவாக்குகிறது. அந்த எண் வட்டோடு சேர்ந்து அப்படியே நகலாகியிருந்தது. கோப்பை வெறுமையாக்கி மறுதொடக்கம் செய்ததும் புதிய எண் உருவாகி, நகலுக்குத் தனி முகவரியும் கிடைத்துவிட்டது.

இவற்றையெல்லாம் துடைத்தெடுக்க விர்ட்-சிஸ்பிரெப் போன்ற கருவிகள் இருக்கின்றன. அப்படியிருக்க, மேக் முகவரியை மாற்றவா என்று அக்கறையோடு கேட்கும் நகலெடுக்கும் திரை, உள்ளே இருக்கும் அடையாளத்தைப் பற்றி ஒரு சொல்கூட எச்சரிக்காமல் விடுவதற்கு என்ன நியாயம் இருக்கிறது? நகலில் நுழைவதாக எண்ணி மூலக் கணினியில் 2 முறை நுழைந்து, அதன் அமைப்புகளையே மாற்றியிருக்கிறேன். தொலைவிலிருந்து கணினியில் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் அதையாவது தடுத்திருக்க வேண்டாமா என்று இன்று காலை ஆராய்ந்தபோது, கணினியை அது அடையாளம் காணும் ஹோஸ்ட் சாவிகளும் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தன.