வாஷிங் மெஷின் பேப்பர்

தம்பி: அக்கா, வாஷிங் மெஷின் பேப்பர் எங்கே?

அக்கா: மெஷினுக்கு அடியில.

தம்பி: அடியிலயா? அங்கே எதுக்கு வச்சே?

அக்கா: ஒரு கால் 3 மில்லிமீட்டர் தூக்கிட்டு நின்னுச்சு. ஒரு தாளோட தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர். அஞ்சு தடவை மடிச்சா 32 அடுக்கு. கச்சிதமா உட்கார்ந்துச்சு.

தம்பி: நனைஞ்சா கூழாயிடுமே! துணி பிழியறப்போ மறுபடி ஆடும். காலைத் திருகி உயரத்தைச் சரி பண்ணி, மேல இருக்கிற நட்டை இறுக்கணும். அதுதான் முறை.

அக்கா: ஸ்பேனர் எடுத்துட்டு வர்றேன்னு நீ போய் மூணு மாசமாச்சு. பேப்பர் நாலு நாள் தாங்குது. எது தேவலாம்?

தம்பி: ஐயோ, நான் கேட்டது பில்லு அக்கா! மோட்டார் கத்துது, வாரண்டியில கேக்கணும்.

அக்கா: அப்படித் தெளிவா கேளு. பேப்பர்னா எந்தப் பேப்பர்? காலையில வந்து விழறதும் பேப்பர், கண்ணாடி துடைக்கிறதும் பேப்பர், பரீட்சையில நீ வெறுமையா கொடுத்துட்டு வந்ததும் பேப்பர். நேத்து உன் நனைஞ்ச ஷூவுக்குள்ள திணிச்சேனே, அதுவும் பேப்பர்தான். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா மாத்துன்னு சொன்னேன், மாத்தினியா?

தம்பி: அப்படியே விட்டுட்டேன்.

அக்கா: ஊறின பேப்பர் அதுக்கு மேல ஈரத்தை இழுக்காது. உள்ளேயே கிடந்து நாறும். சரி, பில்லு மஞ்ச ஃபைல்ல இருக்கு. நீதானே பிளாஸ்டிக் உறை போட்டுப் பத்திரப்படுத்தினே.

தம்பி: இதுவா? இது வெத்துத்தாள்.

அக்கா: நகத்தால அழுத்திக் கீறு.

தம்பி: அட, கறுப்பா கோடு விழுது!

அக்கா: அப்போ அதுதான் பில்லு. பில்லு அடிக்கிற மெஷின்ல மையே கிடையாது. தாள் மேலயே நிறமில்லாத சாயம் பூசியிருக்கு, சூடு பட்ட இடம் கறுக்கும். நகம் உரசுற சூடே போதும். அப்புறம் வெயில் பட்டா மங்கும், கைக்கிரீம் பட்டா மங்கும், செல்லோ டேப் ஒட்டினாலும் மங்கும். நீ போட்ட உறை இருக்கே, பிளாஸ்டிக்கை இளக்கமாக்கச் சேர்க்கிற எண்ணெய் அதுலேர்ந்து கசிஞ்சு எழுத்தைத் தின்னுடும்.

தம்பி: வாரண்டி ரெண்டு வருஷமாச்சே!

அக்கா: வாரண்டிக்குத்தான் ரெண்டு வருஷம். வாக்குக் கொடுக்கிறவங்க எழுதித் தர்ற தாளைப் பாரு. நீ பணம் கொடுத்தது மட்டும் அவங்க கம்ப்யூட்டர்ல பளிச்சுன்னு இருக்கும்.

தம்பி: சூடு காட்டினா எழுத்து திரும்ப வராதா?

அக்கா: எழுத்தில்லாத இடமும் சேர்ந்து கறுக்கும். ஏன் முழிக்கிறே?

தம்பி: ஃபிரிட்ஜ் பில்லை நேத்து லாமினேஷன் போட்டுட்டு வந்தேன்.

அக்கா: அந்த உருளை நூறு டிகிரிக்கு மேல கொதிக்குமேடா! பார்த்தியா?

தம்பி: இன்னும் கவரைப் பிரிக்கல.

அக்கா: பிரி.

தம்பி: ஒரே இருட்டா இருக்கு அக்கா.

அக்கா: நட்சத்திரம் ஏதாச்சும் தெரியுதா பாரு.

தம்பி: ஃபேன் பில்லுல எழுத்து இன்னும் இருக்கு. அதையாவது காப்பாத்தலாமா?

அக்கா: இன்னைக்கே ஜெராக்ஸ் எடு, போன்லயும் ஒரு போட்டோ. அசலுக்குக் காகித உறை. ஒரு ஏ4 தாளை நெடுக்க நிறுத்தி, கீழேர்ந்து 12 சென்டிமீட்டர் மேல மடி. மிச்சம் 5.7 சென்டிமீட்டர் நிக்கும், அது மூடி.

தம்பி: மடிப்பு கோணலா போகுது.

அக்கா: ஏ4 தாள்ல பெரும்பாலும் இழை நெடுக்க ஓடும், குறுக்கே மடிச்சா முரண்டு பிடிக்கும். முதல்ல ஸ்கேல் வச்சு, எழுதாத பேனா முனையால ஒரு கோடு கீறு. அந்தக் கோட்டுல மடி. ஓரம் ரெண்டுலயும் பசை... ஏய், அவ்வளவு இல்ல! ஈரம் ஏறினா இழை உப்பித் தாள்ல சுருக்கம் விழும். மெல்லிசா தடவு.

தம்பி: அப்போ இந்த வெத்து பில்லைப் பழைய பேப்பர் கட்டுல போட்டுடவா?

அக்கா: பேப்பர்னா எந்தப் பேப்பர்னு இப்பத்தானே கேட்டேன்! அந்தப் பூச்சு மறுசுழற்சிக்குப் போற கூழ்ல கலக்கக்கூடாது. குப்பையில போடு.

தம்பி: சரி, வாஷிங் மெஷினுக்கு அடியில வச்சிருக்கியே, அது எந்தப் பேப்பர்?

அக்கா: மெஷினோட வந்த புத்தகத்துல ஒரு பக்கம். ‘மெஷின் ஆடினால் காலைத் திருகி மட்டம் செய்யும் முறை’ன்னு படம் போட்டிருந்துச்சு.

தம்பி: அதைப் போயா கிழிச்சே!

அக்கா: அந்தப் புத்தகத்தை யாரும் தொட்டதே இல்ல போலிருக்கு. தாள் மொடமொடன்னு புதுசா இருந்துச்சு.