என் எடிட்டரை விடுங்க, பில்லைப் பாருங்க

எங்க பில்லிங் சாஃப்ட்வேர்ல ராத்திரி பன்னெண்டு மணியிலேர்ந்து காலை அஞ்சரை வரைக்கும் போடற பில் எல்லாத்துலயும் முந்தின நாள் தேதி விழுது. ஒண்ணாம் தேதி விடிகாலைல போட்டது போன மாசக் கணக்குல போய் உக்காருது. ஜி.எஸ்.டி. கணக்கு மொத்தமும் உதைக்குது. "அஞ்சரை"ன்னு கேட்ட உடனே தொழில்ல இருக்கறவங்களுக்குப் புரிஞ்சிருக்கும். சர்வர் யூ.டி.சி.ங்கற உலகப் பொது நேரத்துல ஓடுது, அது நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி பின்னால. இந்திய நேரத்துக்கு மாத்தாமலே தேதியை மட்டும் பிச்சு எடுத்திருக்காங்க. ஒரு வரி வேலை. டீம் கால்ல எல்லாரும் பாக்கற மாதிரி திருத்திடலாம்னு ஸ்கிரீனை ஷேர் பண்ணேன்.

"என்ன ப்ரோ, இன்னும் வி.எஸ். கோட்லயா இருக்கீங்க?"

கேட்டது டீம்ல இருக்கற ஒரு விம் ப்ரோ. வி.எஸ். கோட், விம் ரெண்டுமே கோடு எழுதற எடிட்டர்தான். எனக்கு அங்கயே சுர்ருன்னு ஏறிச்சு. அடக்கிக்கிட்டு, "ஆமா ப்ரோ, 214ஆவது வரியைப் பாருங்க"ன்னேன். அவரு வரியைப் பாக்கல. என் கையைப் பாத்தாரு. "எதுக்கு மவுஸைத் தொடறீங்க? விம்ல 214 அடிச்சு ஷிஃப்ட்-ஜி தட்டினா நேரா அங்க போய் நிக்கும்." இங்கயும் கண்ட்ரோல்-ஜி தட்டி நம்பர் போட்டா போகும். சொன்னேன். காதுலயே வாங்கல. "கை கீபோர்டை விட்டு எழுந்தா யோசனை அறுந்துடும் ப்ரோ." என் யோசனையை அறுத்தது யாரு? மவுஸா, நீங்களா?

இந்தச் சண்டை எங்க ஆரம்பிச்சாலும் அடுத்த ஆள் தானா வந்து சேருவாரு, பாத்திருப்பீங்க. இன்னொருத்தர் மியூட்டை எடுத்தாரு. விம் பழசாம், அதோட புது வடிவமான நியோவிம் போட்டு, லூவாங்கற மொழில கான்ஃபிக் (எடிட்டரோட அமைப்பு) எழுதினாத்தான் சரியாம். மூணாவது ஆள், "எடிட்டரே எதுக்கு, கர்சர்னு ஒரு ஆப் இருக்கு, அதுல ஏ.ஐ. கிட்ட சொன்னா அதுவே எழுதிடும்"னாரு. அதுவரைக்கும் வாயே திறக்காத ஒருத்தர், ஈமாக்ஸ்னு இன்னொரு எடிட்டர்ல குறிப்பு எழுதி வெச்சுக்கற ஆர்க் மோட்ல தன் வாழ்க்கையையே வெச்சிருக்கறதை விளக்க ஆரம்பிச்சாரு. 214ஆவது வரி அப்படியே கிடக்கு. ஸ்கிரீன்ல இருக்கற கர்சர் குறி அதுமேல மினுக்கு மினுக்குன்னு மினுக்குது. திருத்த விட மாட்டேங்கறாங்க!

கஸ்டமர் பக்கத்துலேர்ந்து கணக்குப் பாக்கற அம்மா ஒருத்தங்களும் கால்ல இருந்தாங்க. நடுவுல மெதுவா, "சார், எங்க பில் எப்ப சார் சரியாகும்?"னு கேட்டாங்க. யாரும் பதில் சொல்லல. "ஒரு நிமிஷம் மேடம், ஒரு சின்ன டெக்னிகல் டிஸ்கஷன்"னு அவங்களை அடக்கிட்டாங்க. டெக்னிகல் டிஸ்கஷனாம்! அந்தம்மா பிரச்சினைக்காகத்தானே எல்லாரும் அந்தக் கால்லயே உக்காந்திருந்தோம்?

கொடுமை இதுக்கு அப்புறம்தான். "நான் காட்டறேன்"னு சொல்லி என் ஷேரை நிறுத்திட்டு தன் ஸ்கிரீனை ஏத்தினாரு விம் ப்ரோ. திறந்த உடனே செகப்பு செகப்பா எர்ரர். ஏதோ பிளகின் முந்தின நாள் அப்டேட் ஆகியிருக்கு, கான்ஃபிக் உடைஞ்சிருக்கு. "இது ஒண்ணுமில்ல, ரெண்டு நிமிஷம்"னு சொல்லி, கஸ்டமர் பாத்துக்கிட்டிருக்கற கால்ல தன் எடிட்டரைத் தானே ரிப்பேர் பண்ண உக்காந்தாரு. நியோவிம்காரர் அவருக்கு யோசனை சொல்றாரு. கர்சர்காரர் அந்த எர்ரரை ஏ.ஐ. கிட்ட ஒட்டிக் கேக்கறாரு. நான் என் மெஷின்லயே அந்த வரியை மாத்தி, டெஸ்ட் ஓட்டி, கமிட் பண்ணி, சாட்ல லிங்க் போட்டேன். அதைப் பாத்தது அந்தக் கணக்கு அம்மா மட்டும்தான். "நன்றி சார்"னு போட்டுட்டு கால்லேர்ந்து போயிட்டாங்க. இவங்க இன்னும் பிளகினை நோண்டிக்கிட்டிருக்காங்க.

விம் மேல எனக்கு ஒரு கோவமும் கிடையாது. பிராம் மூலனார் 1991ல வெளியிட்டு, 2023ல இறக்கற வரைக்கும் கட்டிக் காத்த கருவி. திறந்தா உகாண்டாவுல இருக்கற ஏழைக் குழந்தைங்களுக்கு உதவுங்கன்னு முதல் திரையிலயே எழுதி வெச்ச மனுஷன் அவரு. அவர் பேரை வெச்சு அடுத்தவனை மட்டம் தட்டறவங்க மேலதான் கோவம். விம்ல கர்சர் குறியை நகத்தற ஹெச், ஜே, கே, எல் விசைங்க விரலுக்காகவே ஆராய்ஞ்சு வடிவமைச்சதுன்னு பாடம் எடுக்கறாங்க. 1976ல பில் ஜாய், விம்முக்கு முன்னோடியான வி.ஐ. எடிட்டரை எழுதினப்போ அவர் கைல இருந்தது ஏ.டி.எம்.-3ஏ (ADM-3A)ங்கற டெர்மினல், அதாவது கீபோர்டும் திரையும் சேந்த கருவி. அதுல தனியா அம்புக்குறி விசையே கிடையாது, அந்த நாலு எழுத்து மேலதான் அம்புக்குறி அச்சடிச்சிருந்தது. எஸ்கேப் விசை இன்னிக்கு டேப் இருக்கற இடத்துல, சுண்டுவிரல் பக்கத்துலயே இருந்தது. கைல கிடைச்ச கீபோர்டுக்கு அந்த மனுஷன் எழுதினாரு, நல்லா எழுதினாரு. என் கைல இருக்கறது வேற கீபோர்டு. கொத்தனார்கிட்ட சுவர் நேரா நிக்குதான்னுதான் கேப்போம், எந்தக் கரணையில பூசினன்னா கேக்கறோம்?

வி.எஸ். கோட் புனிதம்னும் நான் சொல்லல. நான் முன்னாடி ஆட்டம் (Atom)ங்கற எடிட்டர்ல இருந்தவன், கிட்ஹப் கம்பெனி செஞ்சது அது. 2015ல 1.0 வந்தப்போ உக்காந்து ஒவ்வொரு பேக்கேஜா தேடிப் போட்டு, தீம் மாத்தி, கை பழக்கி வெச்சிருந்தேன். 2018ல வி.எஸ். கோட்டைச் செய்யற மைக்ரோசாஃப்ட் அந்தக் கிட்ஹப்பை வாங்கிச்சு. 2022 டிசம்பர் 15ஆம் தேதி ஆட்டத்தை மூடியே விட்டாங்க. ஆட்டத்துக்காகச் செஞ்ச எலெக்ட்ரான்ங்கற அடித்தளத்துலதான் இன்னிக்கும் வி.எஸ். கோட் ஓடுது, ஆட்டம் மட்டும் இல்ல. என்னையா வந்து கேட்டாங்க? கை பழகினதை எல்லாம் மறந்து முதல்லேர்ந்து கத்துக்கிட்டேன். இந்த வி.எஸ். கோட்டும் அப்படி ஒண்ணும் தாராளம் இல்ல. பைத்தான் மொழிக்கான பைலான்ஸ் மாதிரி சில எக்ஸ்டென்ஷனை (எடிட்டர்ல சேத்துக்கற கூடுதல் வசதி) மைக்ரோசாஃப்ட்டோட சொந்த எடிட்டர்ல மட்டும்தான் போட்டுக்கலாம்னு லைசென்ஸ்லயே இருக்கு. இதெல்லாம் தெரிஞ்சுதான் இருக்கேன். பழகினதை விட்டு இன்னொரு தடவை மாற எனக்குத் தெம்பு இல்ல. அவ்வளவுதான் காரணம், வேற எந்தக் காரணமும் வேணாம்.

அதைவிட வயிறு எரிஞ்சது எங்க டீம்ல புதுசா சேந்த பொண்ணை நினைச்சு. நோட்பேட் பிளஸ் பிளஸ்ல எழுதிப் பழகின பொண்ணு. கோடு சுத்தமா எழுதும். கால் முடிஞ்ச உடனே தனியா மெசேஜ்: "அண்ணா, நான் முதல்ல எதைக் கத்துக்கணும்? விம் தெரியலைன்னா இங்க மதிக்க மாட்டாங்களா?" அந்தப் பொண்ணு அன்னிக்குக் கத்துக்க வேண்டியது நேர மண்டலம். கால்ல யாராவது ஒருத்தர் யூ.டி.சி.ன்னா என்ன, தேதியை எந்த இடத்துல மாத்தணும்னு சொல்லியிருந்தா அது ஆயுசுக்கும் உதவியிருக்கும். இத்தனை சீனியருங்க சேந்து ஒரு புது ஆளுக்குக் கொடுத்தது தாழ்வு மனப்பான்மை. வெக்கமா இல்லையா உங்களுக்கு?

இவ்வளவு பேசறீங்களே, இன்னொண்ணு கேக்கறேன். அதே பில் டெம்ப்ளேட்ல கீழ "மொத்தம்"னு ஒரு வார்த்தை இருக்கு. தமிழ்ல பில் கேக்கற கடைக்காரங்களுக்காகப் போட்டது. சர்வர்ல டெர்மினல் வழியா, அதாவது எழுத்து மட்டும் காட்டற கட்டளைத் திரையில, அந்தக் கோப்பைத் திறந்து பாருங்க. கொம்பு ஒரு பக்கம், மகரம் ஒரு பக்கம், துணைக்கால் ஒரு பக்கம். கர்சர் நிக்கற இடம் வேற, அடிச்சா எழுத்து விழற இடம் வேற. இந்தப் பக்கம் வி.எஸ். கோட்ல எழுத்து கூடி வருது, ஆனா நெடுவரிசையா அடுக்கி வெச்சா நேர்ல நிக்காது, ஏன்னா எல்லா எழுத்தும் ஒரே அகலம்னு நினைச்சுச் செஞ்ச கட்டம் அது. எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கற யூனிகோடு தரத்தோட முதல் பதிப்பு வந்ததும் 1991தான், தமிழ் அதுலயே இருந்தது. விம் வெளிவந்த அதே வருஷம். அத்தனை வருஷம் போயும் "மொத்தம்"னு ஒழுங்கா அடிக்க முடியாம நான் வேற இடத்துல அடிச்சு, காப்பி பண்ணி ஒட்டிக்கிட்டிருக்கேன். அந்தக் கால்ல இருந்த அத்தனை பேரும் தமிழ்தான், இதைப் பத்தி ஒருத்தரும் வாய் திறக்கல! உங்க டெர்மினல்ல அந்த ஒரு வார்த்தையை முதல்ல ஒழுங்காத் தெரிய வைங்க, அப்புறம் வந்து எனக்கு எடிட்டர் சொல்லுங்க.