நோயாளியின் படத்தைப் பகிர யாரிடம் கேட்டோம்?

உறவினர் ஒருவரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டால், பார்க்கப் போகிறவர்களில் ஒருவர் கட்டிலருகே நின்று படமெடுத்து உடனே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவது, நலம் விசாரிக்கும் முறையாகவே ஆகிவிட்டது. மூக்கில் ஆக்சிஜன் குழாய், விலகிய அங்கி, கலைந்த தலை. கீழே ‘விரைவில் நலம் பெறப் பிரார்த்திப்போம்’ என்று ஒரு வரி. தலைவாரிப் பொட்டு வைக்காமல் வாசலுக்குக்கூட வராத பெரியம்மா ஒருவரின் படம் இப்படிச் சுற்றியதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வேதனை இன்னும் ஆறவில்லை. அனுப்பியவருக்கு இருந்தது அக்கறைதான். ஆனால், நினைவோடு படுத்திருந்த அவரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே!

நம் ஊர்களில் எல்லோர் கதையும் எல்லோருக்கும் தெரியும், அந்தரங்கம் என்பதே நகரத்துப் பழக்கம் என்று சிலர் வாதிடுகிறார்கள். என்னால் இதை ஏற்க முடியவில்லை. கதவு திறந்தே கிடந்தாலும் வாசலில் நின்று குரல் கொடுத்துவிட்டு உள்ளே போனவர்கள் நம் பெரியவர்கள். இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, குடும்பத்தார் சூழ நின்று படமெடுக்கும் வழக்கமும் நம்மிடம் இருந்தது. ஆனால் அது வீட்டார் கூடிப் பேசி, ஸ்டுடியோக்காரரை வரவழைத்து எடுத்த படம், அந்த வீட்டுப் பெட்டியைத் தாண்டிப் போனதில்லை. இன்றோ ஒரு வாட்ஸ்அப் குழுவில் 1024 பேர் வரை இருக்கலாம், அவர்களில் எவரும் அதை வேறொரு குழுவுக்கு அனுப்பலாம். வரன் பார்க்கும் குழுக்களில் பெண்ணின் படமும் சம்பளமும் தந்தையின் கைபேசி எண்ணும் அவளுக்குத் திருமணமான பிறகும் சுற்றிக்கொண்டிருப்பது இப்படித்தான்.

ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியது. ஆனால், தனிநபர் தம் சொந்தத் தேவைக்கோ வீட்டுத் தேவைக்கோ கையாளும் தகவல்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. இந்த விலக்கு சரியானதுதான் என்பது என் கருத்து. குடும்பக் குழுவுக்குள் அரசாங்கம் எட்டிப்பார்ப்பதை நாம் யாரும் விரும்பமாட்டோம். அப்படியென்றால் சித்தப்பாவின் கைபேசிக்கும் கட்டிலில் கிடப்பவரின் மானத்துக்கும் நடுவே மிஞ்சுவது நம்முடைய பண்பாடு மட்டுமே.

அவசரத்துக்கு என்ன செய்வது என்று கேட்பவர்கள் உண்டு. ரத்தம் தேவையென்றால் ரத்த வகை, மருத்துவமனையின் பெயர், உடனிருப்பவர் சம்மதித்துத் தந்த எண் ஆகியவை போதும்; நோய் இன்னதென்றோ நோயாளியின் முகம் எப்படியிருக்கிறதென்றோ ரத்தம் கொடுக்க வருகிறவர் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. ஆள் கிடைத்ததும் பதிவை நீக்கிவிடுங்கள், மற்றவர்களுக்கு அனுப்பியிருந்தால் அவர்களையும் நீக்கச் சொல்லுங்கள்.