உலர்ந்த, காற்றோட்டமான இடமாம்!

ஷூ டப்பாவின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி போட்டிருக்கிறார்கள்: உலர்ந்த, காற்றோட்டமான இடத்தில் வைக்கவும். நவம்பர் மாதம், சென்னையில், இரண்டாம் மாடி ஃப்ளாட்டில் அப்படி ஒரு இடம் எங்கே இருக்கிறது? எழுதின புண்ணியவான் நேரில் வந்து காட்டட்டும், அந்த இடத்துக்குத் தனி வாடகை கொடுக்கிறேன்.

7,500 ரூபாய். ஜனவரி மாரத்தானுக்கென்று வாங்கியது. நாலே நாலு நாள் போட்டு ஓடினேன். மழை பிடித்துக்கொண்டதும், வீணாகிவிடக் கூடாதே என்று துடைத்து, டப்பாவில் போட்டு, பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். மூன்றே வாரம். நேற்றுத் திறந்தால் கருப்பு ஷூ இரண்டும் பட்டை பட்டையாக விபூதி பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. உள்ளே விரலை விட்டால் பச்சையாக, பஞ்சு மாதிரி என்னவோ ஒட்டுகிறது. நாற்றத்தைப் பற்றிக் கேட்காதீர்கள்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், தினமும் தெருத் தண்ணீரில் மிதித்துவிட்டு வாசலில் கழற்றிப்போடும் ரப்பர் செருப்புக்கு ஒரு புள்ளி கூட வரவில்லை. பொத்திப் பொத்தி வைத்ததுதான் பூத்திருக்கிறது! அட்டை டப்பா ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளுமாம். உள்ளே ஊறிய வியர்வையும் உதிர்ந்த தோலும் பூஞ்சணத்துக்கு விருந்துச் சாப்பாடு. காற்றில் ஈரப்பதம் 70 சதவீதம் தாண்டினாலே அதற்குக் கொண்டாட்டம். இங்கே அடைமழை நாளில் 90-ஐத் தொடுகிறது.

கடையில் போய்க் கேட்டால், "உள்ளயே சிலிக்கா ஜெல் இருக்குமே சார்" என்கிறார். இருந்தது, ஒரு கிராம் பொட்டலம். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சினாலே அது பெரிய விஷயம். அதாவது ஐந்தாறு சொட்டு. என் வலது கால் கட்டைவிரல் மட்டும் அதைவிட அதிகமாக வியர்க்கும்.

"வெயில்ல போடுங்க தம்பி" என்றார் எதிர்வீட்டு மாமா. எந்த வெயிலில்? ஊருக்கு வருஷம் பூராவும் பெய்கிற சுமார் 1,400 மில்லிமீட்டரில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள்தான் கொட்டித் தீர்க்கிறது. தப்பித் தவறி வெயில் அடித்தாலும், நேரடி வெயிலில் வைக்காதே, பசை விட்டுவிடும் என்று அதே டப்பாவில் இன்னொரு வரி!

உள்ளே நியூஸ்பேப்பரைக் கசக்கித் திணித்தால் ஈரத்தை இழுக்கும் என்பது மட்டும் உண்மை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஆனால் நாங்கள் பேப்பரை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது. ஷூவுக்குத் திணிக்க, பழைய பேப்பர் கடையில் காசு கொடுத்துப் பழைய பேப்பர் வாங்கிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

வினிகரில் தண்ணீர் கலந்து துடைத்தேன். பூஞ்சணம் போனது. இப்போது ஷூவில் ஊறுகாய் ஜாடி வாடை. முதலில் பிரஷ்ஷால் தேய்த்ததை ஹாலில் வைத்துத் தேய்த்தது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். தூள் பறந்து வீடே தும்மியது. அதையெல்லாம் மாஸ்க் போட்டுக்கொண்டு மாடிப்படியில் செய்ய வேண்டும்.

சரி, இது போகட்டும், பழைய பேட்மின்டன் ஷூவையாவது போடுவோம் என்று பரணிலிருந்து எடுத்தேன். அடிப்பாகம் ரவை மாதிரி உதிர்ந்து கையோடு வந்தது. பாலியூரித்தேன் சோலாம், போடாமல் சும்மா வைத்திருந்தாலும் காற்றின் ஈரமே அதை அரித்துவிடுமாம். போட்டாலும் தேயும், போடாவிட்டாலும் உதிரும் என்றால் இதை எதற்கய்யா விற்கிறீர்கள்?

கடைசியாக வீட்டிலேயே கொஞ்சம் கதகதப்பான இடம் எது என்று தேடி, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஷூவை வைத்தேன். பத்து நிமிஷம் ஆகவில்லை, அம்மா கையில் மாவுப் பாத்திரத்தோடு வந்து நிற்கிறார்.

"எடுடா அதை. மாவு புளிக்க வைக்கிற இடம் அது."