திரிபோஷா சத்துமா வரவில்லை என்றால் யாரிடம் கேட்பது?

போன கிழமை எங்கள் பொதுநோக்கு மண்டபத்தில் பிள்ளைகளுக்கு நிறை பார்த்தார்கள். மச்சாளின் பேத்திக்குப் பத்து மாதம். கூரை வளையில் தொங்கவிட்ட தராசில் அவளை இருத்தியதும் வீரிட்டு அழுதாள். முள் ஆடி ஆடி நின்றது. போன மாதத்தைவிட நூறு கிராம்கூட ஏறவில்லை. மிட்வைஃப் அம்மா அட்டையில் புள்ளி வைத்து இழுத்த கோடு மேலே ஏறாமல் படுத்தே கிடந்தது.

"திரிபோஷா இருக்கோ மிஸ்?"

"இன்னும் வரேல்லைப் பிள்ளை."

அவ்வளவுதான். எல்லாரும் குடையை விரித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள். ஏன் வரவில்லை, எப்போது வரும், யார் அனுப்ப வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

திரிபோஷா யாரும் போடும் பிச்சையல்ல. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் 1973 முதல் இலங்கை அரசு கொடுத்துவரும் சத்துமா. சோளம், சோயா, பால்மா சேர்த்து ஜா-எலவில் செய்கிறார்கள். 2022 நெருக்கடியில் அது தட்டுப்பட்டபோது நாங்கள் கடவுளை நொந்துகொண்டோம், அல்லது முன்னால் நின்ற மிட்வைஃப் மீது பாய்ந்தோம். மா வராததற்கு அந்தப் பெண் என்ன செய்வாள்? எத்தனை பைக்கற், எந்த மாவட்டத்துக்கு, எந்தப் பணத்தில் என்பதெல்லாம் எங்கோ ஒரு கடதாசியில் முடிவாகிறது. அந்தக் கடதாசியைத்தான் நாங்கள் பின்தொடர வேண்டும்.

எந்த மேசையில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே பெரிய வேலை. 1987இல் மாகாண சபைகளைக் கொண்டுவந்த, அரசியலமைப்பின் 13ஆம் திருத்தப்படி எங்கள் ஊர் ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலானவை மாகாணத்தின் பொறுப்பு. நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவையும் மாகாணத்திடம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையும் 1929 என்ற அதன் தொலைபேசி இலக்கமும் கொழும்பிலுள்ள மத்திய அரசின் கீழ். 2013இல் நாங்கள் வாக்களித்து உருவாக்கிய வடமாகாண சபையின் காலம் 2018இல் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தலே நடக்கவில்லை. அப்படியென்றால் மாகாணச் சுகாதாரத்தைப் பற்றி எழும்பிக் கேள்வி கேட்க எங்களுக்கு அங்கே ஒரு உறுப்பினரும் இல்லை. இன்னொன்று, கிளிநொச்சிக்காரர் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் வாக்களிக்கிறார்கள். முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் வன்னித் தேர்தல் மாவட்டம். பக்கத்துப் பக்கத்து ஊர்கள் என்றாலும் பாராளுமன்றத்தில் கேட்கச் சொல்ல வேண்டிய ஆட்கள் வேறு வேறு.

சரி, கேட்டால் நடக்குமா? நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பிரிவுக்கு நிரந்தர மிட்வைஃப் இல்லாமலே வருடங்கள் போயின. ஊசி போடக் கைப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார் மாங்குளம்-முல்லைத்தீவு ஏ34 வீதிவரை நடந்து, பஸ்ஸுக்குக் காத்து நிற்பார்கள். வாயால் முறையிட்டு அலுத்துப்போனோம். கடைசியில் மாதர் சங்கத்தில் இருந்து, தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், தமிழில் ஒரு பக்கம் எழுதினோம். மூன்றே கேள்விகள்: அனுமதிக்கப்பட்ட ஆளணி (பணியிடங்கள்) எத்தனை, வேலையில் இருப்போர் எத்தனை, வெற்றிடம் எப்போதிலிருந்து? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் தகவல் அலுவலர் எழுதி எடுக்க வேண்டும்.

அரைப்பக்கப் பதில் வந்தது. அதை, அரசியல்வாதிகளும் அதிகாரிகளும் கூடும் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவில் வாசித்தபோது "பார்ப்போம்" என்று யாராலும் சொல்லித் தப்ப முடியவில்லை. முத்திரை குத்திய அவர்களுடைய எண்ணிக்கை அல்லவா. முழுநேரத்துக்கு ஆள் இன்றும் இல்லை. ஆனால் பக்கத்துப் பிரிவு மிட்வைஃப் கிழமையில் இரண்டு நாள் வருகிறார். போன கிழமை நிறை பார்த்தவர் அவர்தான்.

"சண்டைக்குள்ளே பிள்ளை வளர்த்த எங்களுக்கு இதெல்லாம் என்ன" என்று அக்கா ஒருவர் சொன்னார். அக்கா, பங்கருக்குள் பிள்ளையைக் காப்பாற்றியவர்கள் நாங்கள். அப்போது கேட்க இடமிருக்கவில்லை. இப்போது இருக்கிறது.

ஆனால் நேரம் பார்த்துக் கேட்க வேண்டும். வரவு செலவுத் திட்டம் வழமையாக நவம்பரில் வரும். பிறகு குழுநிலை விவாதத்தில் அமைச்சு அமைச்சாக எடுத்துப் பேசுவார்கள். சுகாதாரத்துக்கு ஒதுக்கிய நாளுக்கு முன்னமே எங்கள் கடிதம் எம்.பி.யின் கையில் இருக்க வேண்டும். நாங்களோ எல்லாம் முடிந்த பிறகு ஜனவரியில் மறியலுக்குத் தறப்பாள் கட்டுகிறோம்.

இந்த வியாழன் பின்னேரம் சங்கத்தில் இருந்து திரிபோஷா பற்றிய கடிதத்தை எழுதப்போகிறோம். மல்லாவி, துணுக்காய், நெடுங்கேணி, விசுவமடுப் பக்கம் இருப்பவர்கள் உங்கள் கிளினிக்கில் கடைசியாக எந்தத் தேதியில் கொடுத்தார்கள், ஒரு பிள்ளைக்கு எத்தனை பைக்கற் என்று கீழே எழுதுங்கள். பிள்ளையின் பெயர் வேண்டாம். தேதியும் எண்ணிக்கையும் போதும். ஆம்பிளையள், நீங்களும் ஒருநாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அந்தத் தராசு முள்ளைப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.