மார்ச் 8 தீவிபத்தின் நினைவு நாள் அல்ல

1908 மார்ச் 8 அன்று நியூயார்க் பருத்தி ஆலையில் முதலாளியே கதவைப் பூட்டித் தீவைத்ததில் 129 பெண் தொழிலாளர்கள் மாண்டதாகவும், அதன் நினைவே மகளிர் தினம் என்றும் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறானது.

உண்மையில் நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலை எரிந்தது 1911 மார்ச் 25 மாலையில். எட்டாம் மாடியில் வெட்டுத்துணிக் குவியலில் பற்றிய தீயில் இறந்த 146 பேரில் 123 பேர் பெண்கள். ஒன்பதாம் மாடியில் ஒரு கதவு பூட்டியிருந்தது என்பது மட்டும், வேதனையான உண்மை. மகளிர் தினத் தீர்மானமோ அதற்கு முன்பே, 1910-இல், ஜெர்மன் சோசலிசத் தலைவர் கிளாரா ஜெட்கின் முதலானோரின் முயற்சியால், கோபன்ஹேகனில் நடந்த சோசலிசப் பெண்கள் மாநாட்டில் நிறைவேறிவிட்டது. மார்ச் 8 என்ற தேதி, 1917-இல் ரஷ்யாவின் பெத்ரோகிராத் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) நகர நெசவாலைப் பெண்கள் நடத்திய வேலைநிறுத்தத்தால் நிலைபெற்றது; அந்நாட்டின் பழைய நாட்காட்டியில் அது பிப்ரவரி 23.

தீயில் இறந்தோரின் பெயர்ப் பட்டியலைக் கார்னெல் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். அந்தத் தவறான வாட்ஸ்அப் செய்தியை இனிப் பகிராதிருக்க வேண்டுகிறோம்.